நிறுத்திப் பார்க்கும் வகுப்பறை



வகுப்பறையில் காட்சித் தொழில்நுட்பம் குறித்துப் பேசும்படி பணித்திருக்கிறீர்கள். திரை வேண்டுமா வேண்டாமா என்று வாதிடும் கட்டம் நம் மாநிலத்தில் முடிந்துவிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன. மேல்வகுப்புகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சாகியிருக்கிறது. அலைபேசியை அதன்மேல் காட்டினால் பாடத்துக்கான காணொலி வருகிறது. ஆகவே நான் எடுத்துக்கொண்டிருப்பது அடுத்த கேள்வியை. ஓடுகிற படத்தை யார் நிறுத்துவது? எந்த இடத்தில் நிறுத்துவது? நிறுத்திவிட்டுக் குழந்தையிடம் என்ன கேட்பது? மிகச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிறதா, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படத்தை வைத்துச் சொல்லிக்கொடுப்பது நமக்குப் பழக்கமில்லாத காரியம் இல்லை. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் இராசராசன் காலத்தில், நாயன்மார் வரலாறுகளைச் சின்னஞ்சிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இன்னார் கதை இது என்று சிற்பத்தை ஒட்டியே தமிழில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். காட்சியும் அதற்குரிய சொல்லும் ஒரே பார்வையில் அகப்படுகின்றன. நடந்துபோகிறவர் எந்தக் கதையின் முன் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது அவரவர் விருப்பம்.

1658இல் நியூரம்பெர்க் நகரத்தில் கொமேனியஸ் என்ற கல்வியாளர் ‘ஓர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். குழந்தைகளுக்கான படப் பாடநூல்களில் முன்னோடி அது. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படம் மேலே. லத்தீனிலும் ஜெர்மன் மொழியிலும் விளக்கம் கீழே. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இருக்கும். விளக்கத்தில் அந்தப் பொருளின் பெயர் வருமிடத்தில் அதே எண் இருக்கும். பிள்ளையின் கண் படத்துக்கும் சொல்லுக்குமாகப் போய்ப்போய்த் திரும்பும். எத்தனை முறை, எவ்வளவு மெதுவாக என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

பிறகு கரும்பலகை வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோவில் ஜேம்ஸ் பில்லன்ஸ் என்ற தலைமையாசிரியர் கரும்பலகையில் சாக்பீஸால் நிலப்படங்களை வரைந்து புவியியல் நடத்தினார் என்று கல்வி வரலாறு சொல்கிறது. கரும்பலகையைப் பழைய பொருள் என்று ஒதுக்குகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நல்ல ஆசிரியர் ஒருவர் இதயத்தின் படத்தை வரையும்போது பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் வெளிக்கோடு. ஒரு திரும்பல், வகுப்பின் முகத்தைப் பார்க்கிறார். நடுவே ஒரு சுவர். இரண்டாயிற்று. குறுக்கே இன்னொரு கோடு, நான்கு அறைகளாயிற்று. “ரத்தம் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு வந்துவிட்டது. மறுபடி மேலே போகாமல் தடுக்க என்ன வைக்கலாம்?” இங்கே சாக்பீஸ் நிற்கிறது. பதில் வந்த பிறகுதான் வால்வு வரையப்படுகிறது. படம் பிள்ளையின் கண்முன், பிள்ளையின் யோசனையோடு சேர்ந்து வளர்கிறது. 1987இல் ஒன்றிய அரசு தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின் பெயரிலேயே இந்தக் கருவிக்கு இடம் கிடைத்ததில் நியாயம் உண்டு.

நம் தொடக்கப் பள்ளிகள் அதற்கும் மேலே ஒரு படி போயின. செயல்வழிக் கற்றல் 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. அப்போது வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகை தீட்டினார்கள். பிள்ளைக்கு ஒரு கட்டம். அதுவரை ஆசிரியர் காட்ட, பிள்ளை பார்க்க என்று இருந்த பலகையில் பிள்ளை வரைய, ஆசிரியர் குனிந்து பார்த்தார். தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் நடந்த காட்சிப் புரட்சிகளில் முதலிடம் இதற்குத்தான் என்பேன். இன்று பல பள்ளிகளில் அந்தக் கட்டங்களின்மேல் வண்ணச் சித்திரங்களைத் தீட்டிவிட்டார்கள். சுவர் அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளை வரைவதற்கு இருந்த இடம் போய்விட்டது.

அசையும் படத்தின் வரலாறு வேறு மாதிரி. 1913இல் எடிசன், பள்ளிகளில் புத்தகங்கள் விரைவில் வழக்கொழியும், பத்தாண்டுகளுக்குள் பள்ளிக்கூட முறையே மாறிவிடும் என்று பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். மாறவில்லை. வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இதே நம்பிக்கை எழுந்து அடங்கியது. ஆசிரியர்கள் பழமைவாதிகள், அதனால்தான் எடுபடவில்லை என்று சொல்வது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் இருந்தது. தொடங்கினால் அது தன் வேகத்தில் ஓடி முடியும். நடுவே கை தூக்கும் பிள்ளைக்கு அதில் இடமே இல்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று இருக்கிறது. 1961இல் டெல்லியில், ஆய்வகம் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளுக்காக ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு அறிவியல் பாடங்களைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பத் தொடங்கினார்கள். 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி, இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து ‘சைட்’ என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையைத் தொடங்கின. விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது; நனவானபோது அவர் உயிரோடு இல்லை. ஆந்திரம், பிகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையை வளைத்து மூன்று மீட்டர் அகல ஆன்டெனா செய்தார்கள். ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஓராண்டுக்குக் கடனாகக் கிடைத்தது. மின்சாரம் எட்டாத ஊரில் மின்கலத்தில் பெட்டி ஓடியது. இன்று நினைத்தாலும் மனம் நெகிழும் உழைப்பு அது.

காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒடியா என நான்கு மொழிக்கும் பங்கிட்டால் ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் ஒரே பெட்டியின் முன் உட்கார்ந்தார்கள். ஏதோ ஒரு ஒடியா கிராமத்தில் ஒரு சிறுமிக்கு நடுவே ஏதாவது புரியாமல் போயிருந்தால் என்ன செய்திருக்க முடியும்? 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் படத்தை அவள் ஆசிரியரால் நிறுத்த முடியாது. நேரம் முடிந்ததும் செயற்கைக்கோள் அடுத்த மொழிக்குப் போய்விடும். தமிழ்நாடு அந்தச் சோதனையில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் நம் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, அலைபேசி இல்லாத வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதற்காக அதில் உழைத்த ஆசிரியர்களை நாம் வணங்க வேண்டும். ஆனால் ஒளிபரப்பு என்பதன் இயல்பு அங்கேயும் மாறவில்லை.

இன்றைய திறன்மிகு வகுப்பறைக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள உண்மையான வேறுபாடு திரையின் அகலமோ வண்ணமோ இல்லை. நிறுத்தும் பொத்தான் இன்று ஆசிரியர் கையில் இருக்கிறது. பின்னால் போகலாம், மெதுவாக்கலாம், ஒலியை அடக்கலாம், உறைந்த படத்தின்மேல் கோடு போடலாம். எடிசனுக்கும் சாராபாய்க்கும் கிடைக்காத வசதி இது. அதை வைத்துக்கொண்டு, நான் போய்ப் பார்க்கும் வகுப்புகளில், காணொலியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் ஓடவிட்டு, “புரிஞ்சுதா?” என்று கேட்கிறார்கள். “புரிஞ்சுது மிஸ்” என்று வகுப்பே ஒரு குரலில் சொல்கிறது.

இது என் அபிப்பிராயம் மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் படமும் சொல்லும் சேர்ந்த கற்றலைப் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார். 2001இல் அவரும் பால் சாண்ட்லரும் ஒரு சோதனை செய்தார்கள். மின்னல் எப்படி உண்டாகிறது என்பதை விளக்கும் 140 விநாடி அசைபடம் ஒன்று. அதைச் சிலருக்கு ஒரே ஓட்டமாகக் காட்டினார்கள். வேறு சிலருக்கு 16 துண்டுகளாக்கி, பொத்தானை அழுத்தினால் அடுத்த துண்டு வரும்படி செய்தார்கள். படம் அதே, சொற்களும் அதே. தாமே நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள், கற்றதைப் புதிய கேள்விகளுக்குப் பயன்படுத்துவதில் மேலாகச் செய்தார்கள். அடுத்த ஆண்டு பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும், அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, நன்றாக வரைந்த நிலைப்படத்தைவிட அசைபடம் மேல் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். கண் பிடிப்பதற்குள் அசைவு கடந்துவிடுகிறது என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று.

மூன்றாவது சான்று ஹார்வர்டிலிருந்து. எரிக் மசூரின் குழுவினர் 2004இல் இயற்பியல் வகுப்புச் செய்துகாட்டல்களை ஆராய்ந்தார்கள். வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்கவே பார்க்காதவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஊகித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள்தான் முன்னேறினார்கள். ஊகிப்பதற்குக் கூடுதலாகச் செலவானது சில நிமிடங்களே. என்னைக் கேட்டால் இந்த ஒரு முடிவை ஒவ்வொரு திறன்மிகு வகுப்பறையின் சுவரிலும் எழுதிவைப்பேன்.

இனி ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம். பருவங்கள் ஏன் மாறுகின்றன?

1987இல் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தில் ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற படம் எடுத்தார்கள். ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில், அங்கியோடு நின்றவர்களிடம், கோடையில் ஏன் வெப்பம், குளிர்காலத்தில் ஏன் குளிர் என்று கேட்டார்கள். மாணவர், பேராசிரியர், முன்னாள் மாணவர் என 23 பேரில் 21 பேரால் சரியாக விளக்க முடியவில்லை. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால் கோடை என்பதே பலரின் விடை. இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால், ஒரு பங்கு படத்திலிருந்தே வருகிறது. பாடநூல்களில் பூமியின் பாதையைச் சாய்ந்த கோணத்திலிருந்து பார்ப்பதுபோல் நீண்ட முட்டை வடிவில் வரைகிறார்கள். காணொலிகளும் அதையே வண்ணத்தில் சுழற்றுகின்றன. பிள்ளை அந்தப் படத்தை நேர்மையாகப் படிக்கிறது: இங்கே பக்கம், அங்கே தூரம்.

உண்மை என்ன? கரும்பலகையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு அந்தப் பாதையை வரைந்தால், நீள அச்சுக்கும் குறுக்கு அச்சுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 0.14 மில்லிமீட்டர்தான். சாக்பீஸ் கோட்டின் தடிப்பு அதைவிடப் பல மடங்கு. அதாவது, ஆசிரியர் கயிற்றைக் கட்டிச் சாதாரண வட்டம் போட்டால் போதும். சூரியனை மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் படம் சரியாகிவிடும். பல லட்சம் செலவில் செய்த அசைபடத்தைவிட அந்த வட்டம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இந்தப் பாடத்தை நான் இப்படி நடத்தச் சொல்வேன். முதலில் திரை அணைந்திருக்கட்டும். ஆளுக்கு ஒரு வெற்றுத் தாள். மே மாதம் ஏன் இப்படி வெயில் அடிக்கிறது என்று படம் வரையச் சொல்லுங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் பூமியைச் சூரியனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். திருத்தாதீர்கள். தாள்களைச் சுவரில் ஒட்டுங்கள். பிறகு ஒரே ஒரு தகவல்: பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது சனவரி முதல் வாரத்தில், ஏறத்தாழ 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது சூலை முதல் வாரத்தில், 15.21 கோடி. சனவரி முதல் வாரம் என்றால் மார்கழி. விடிகாலையில் வாசலில் கோலம் போடப் பனியில் நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறது. சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருந்தபோதுதான் நமக்குக் குளிரியிருக்கிறது! இந்த இடத்தில் வகுப்பு எப்படிச் சலசலக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவர்கள் அறிவீர்கள். அந்தச் சலசலப்பு எழும்வரை எந்தக் காணொலியையும் போடக்கூடாது.

அடுத்து முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, நண்பகல் நிழலின் நுனியை வாரம் ஒருமுறை சாக்பீஸால் குறித்துவருவது. சென்னையில் ஏப்ரல் 24ஆம் தேதியையும் ஆகஸ்ட் 18ஆம் தேதியையும் ஒட்டி நண்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. அந்த இரண்டு நாள்களுக்கும் நடுவே நிழல் தெற்கே விழும். மற்றக் காலத்தில் வடக்கே. தெற்கே போகப்போக நாள் மாறும்; உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கலாம். வெளிநாட்டில் எடுத்த பருவகாலக் காணொலி எதிலும் இது இருக்காது. அங்கே இலை உதிர்கிறது, பனி மூடுகிறது. சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை தலைக்கு நேர் மேலே வரும் நிலத்தில், கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த மக்களின் பிள்ளைகளுக்கு அந்தப் படம் எப்படிப் பொருந்தும்?

இதற்கெல்லாம் பிறகு திரையைப் போடுங்கள். ‘ஸ்டெல்லேரியம்’ என்ற கட்டணமில்லா மென்பொருளில் உங்கள் ஊரைக் கொடுத்தால் உங்கள் ஊர் வானமே விரியும். ஓர் ஆண்டின் நண்பகல்களை ஒரே நிமிடத்தில் ஓட்டிக் காட்டலாம். மார்ச், சூன், செப்டம்பர், டிசம்பர் என்று நான்கு இடங்களில் நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும், இந்த நாளில் நம் குச்சியின் நிழல் எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று கேட்டுவிட்டு நகர்த்துங்கள். குச்சி மாதக்கணக்கில் மெல்லச் சொன்னதைத் திரை ஒரு நிமிடத்தில் ஒன்றாகக் கோத்துத் தருகிறது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதை இப்போது சொன்னால் அது பிள்ளையின் கேள்விக்கு விடையாகப் போய்ச் சேரும். கடைசியாக மறுபடியும் ஒரு வெற்றுத் தாள். முதல் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் இவ்வளவு தெளிவாகப் பேசாது.

கணக்கில் சுருக்கமாக ஒன்று. கரும்பலகையில் சதுரத்தை எப்போதும் அடி கிடையாக இருக்கும்படியே வரைகிறோம். அதையே முனையில் நிறுத்தி வரைந்தால், “இது டைமண்ட்” என்கிறது பிள்ளை. படம் ஒரே நிலையில் உறைந்ததால் வந்த குறை இது. ‘ஜியோஜீப்ரா’ போன்ற மென்பொருளில் முனையைப் பிடித்து இழுத்தால் வடிவம் திரும்பும், நீளும், சுருங்கும். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று கேட்கலாம். முக்கோணத்தை எப்படி இழுத்தாலும் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையை விட்டு அசையாததை ஒரு பிள்ளை தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த மென்பொருளையும் ஆசிரியரே இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தால் அது இன்னொரு காணொலி, அவ்வளவே.

கை எட்டும் இடத்தில் கையை விடுங்கள், எட்டாத இடத்துக்குத் திரையை அழையுங்கள் என்பது என் பரிந்துரை. பச்சைப்பயறு முளைப்பதற்கு ஈரத்துணியும் இரண்டு நாளும் போதும். அதற்குக் காணொலி வேண்டாம். செல் பிரிவதை வெறுங்கண்ணால் பார்க்க வழியில்லை, அதற்கு வேண்டும். அதேபோல் வங்கக் கடலின்மேல் சுழலும் மேகத்தை எந்தக் குன்றில் ஏறி நின்றாலும் முழுதாகப் பார்க்க முடியாது. இன்சாட் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை யாரும் பார்க்கும்படி தருகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ உள்ள ஒரு வகுப்பு, காலையில் பத்து நிமிடம் அந்தப் படத்தொடரைப் பார்க்கலாம். முந்தைய இரவின் படங்களை ஓட்டி, இன்றைய காலையில் நிறுத்தி, “மாலைக்குள் இது எங்கே இருக்கும்? வரைபடத்தில் புள்ளி வையுங்கள்” என்று கேட்கலாம். மாலையில் சரிபார்க்கலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. தென்னைகள் சாய்ந்து கிடந்த அந்தப் பகுதியின் பிள்ளைகளுக்குப் புயலின் கண் என்பது தேர்வுக்கு எழுதும் விடை மட்டும் இல்லை. அவர்களுக்கு அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது உயிர் காக்கும் கல்வி.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இணையத்தில் உள்ள நல்ல அறிவியல் அசைபடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுகின்றன. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை முன் அதை அப்படியே ஓடவிடுவது வீண். அதற்காக அதைத் தூக்கியெறியவும் வேண்டாம். ஒலியை நிறுத்துங்கள், நீங்கள் பேசுங்கள். இதற்கு நம்மிடம் மரபே உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ப்ரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார். மௌனப் படக் காலத்துக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை விளக்க ஒருவர் இருப்பார். தன் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஊராரின் பேச்சில், அவர்களுக்குப் புரியும் வேகத்தில் அவர் சொல்வார். ஆசிரியர் அந்த இடத்தில் நிற்கலாம். இதயத்தைப் பற்றிய ஆங்கிலப் படம் ‘ஏட்ரியம்’ என்று குறிப்பிடும் இடத்தில் ‘ஆரிக்கிள்’ என்று நம் பாடநூல் சொல்வதை இணைத்துக் காட்ட அவரால்தான் முடியும்.

திரையில் எழுத்து ஓடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். பேசும் சொற்களையே திரையிலும் எழுதிக் காட்டினால், படத்தைப் பார்க்க வேண்டிய கண் எழுத்துக்கு ஓடிவிடுகிறது, கற்றல் குறைகிறது என்று மேயரின் ஆய்வுகள் சொல்கின்றன. நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு அது சரி. ஆனால் அகமதாபாத்தில் பிரிஜ் கோத்தாரி 1990களில் தொடங்கிய முயற்சி வேறொன்றைக் காட்டியது. தொலைக்காட்சித் திரைப்பாடலின் கீழே, பாடும் மொழியிலேயே வரிகளை ஓடவிட்டால், வாசிப்பில் தடுமாறுகிறவர்களுக்கு அது அன்றாடப் பயிற்சியாகிறது. ஆக, இதயத்தின் அசைபடத்தில் முழு வசன எழுத்து வேண்டாம், உறுப்பின் பெயர் மட்டும் அந்தந்த இடத்தில் இருக்கட்டும். இரண்டாம் வகுப்புப் பாட்டுக்கு எழுத்து கட்டாயம் ஓடட்டும். செவித்திறன் குறைந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துத்தான் இதை முடிவு செய்ய முடியும்.

பார்ப்பது என்று இவ்வளவு பேசுகிறோமே, பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று பார்த்தோமா? கடைசி வரிசையில் உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் மாணவனை மந்தபுத்தி என்று முடிவு கட்டிய வகுப்பறைகள் உண்டு. அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடி. பள்ளிச் சிறாருக்குக் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. வகுப்பறைக்கு வரும் காட்சிக் கருவிகளில் முதலாவதாக வர வேண்டியது அந்தக் கண்ணாடிதான். புதுத் திரை பொருத்தும் நாளிலேயே, கடைசி வரிசையில் உட்கார்ந்து அதிலுள்ள மிகச் சிறிய எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டுவிட வேண்டும். மேற்குச் சன்னலிலிருந்து பிற்பகல் வெயில் திரையில் அடித்தால் பாதி வகுப்புக்குப் படம் தெரியாது. ஓர் அடர்ந்த திரைச்சீலை போதும், அதற்குத் தலைமையாசிரியரிடம் நிதி இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் இருப்பார்கள்; வெறும் நிறத்தை நம்பி, சிவப்புக் கோட்டைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. பார்வையற்ற பிள்ளை இருந்தால், அட்டையில் சணல் கயிறு ஒட்டிய வரைபடத்தை அதன் விரலுக்குத் தாருங்கள். திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பக்கத்துப் பிள்ளையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும் பிள்ளைக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது, ஏனென்றால் உற்றுப் பார்க்காமல் ஒரு படத்தை இன்னொருவருக்குச் சொல்ல முடியாது.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரை எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குக் கேட்காதீர்கள். கேட்டால் ஓடத்தான் செய்யும். பாடம் நடந்ததற்கு அது சான்றாகாது. பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் கருவியைப் பூட்டி வைக்கும் தலைமையாசிரியர்களின் கவலையும் உண்மையானது. உடைந்தால் சரிசெய்ய ஆளும் பணமும் உண்டு என்று எழுத்தில் கொடுத்தால் பூட்டு தானே திறக்கும்.

ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்காக ஒரு யோசனையை இந்தக் கல்லூரியின் முன் வைக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் ஒவ்வொருவரும் தம் பாடத்தில் ஏதாவது ஒரு காணொலியை எடுத்துக்கொள்ளட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாற்பது நிமிட வகுப்பில் மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளுக்கு. எந்தெந்த விநாடியில் நிறுத்தப்போகிறோம், அங்கே என்ன கேட்கப்போகிறோம், பிள்ளைகள் என்ன ஊகிக்கக்கூடும் என்று பாடக்குறிப்பில் முன்கூட்டியே எழுதட்டும். வகுப்புக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் வரைந்த படங்களைச் சேர்த்து இணைக்கட்டும். அவற்றை வைத்தே அந்தப் பாடத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் இசைந்தால், அதன் அடுத்த ஆண்டுப் பரிசுத் தொகையின் ஒரு பகுதியை அந்த ஓவியங்களைத் தொகுத்துப் பாதுகாப்பதற்கு ஒதுக்கலாம். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களும் இதைச் செய்யத் தொடங்கினால், சில ஆண்டுகளில் நம் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் எந்தப் படத்தை எப்படித் தவறாகப் படிக்கிறார்கள் என்ற பெருந்தொகுப்பு தமிழில் உருவாகும். பருவங்கள் பாடத்தின் முட்டை வடிவப் பாதையை அடுத்த பதிப்பில் மாற்றுவதற்குப் பாடநூல் குழுவிடம் நாம் கொண்டுபோய் வைக்க வேண்டிய சான்று அதுதான்.